கொவ்: ஒரு சதுரம், மூன்று கோடு

என்.எஸ்.சி. போஸ் ரோட்டுக்குப் பழைய பெயர் சைனா பஜார் ரோடு. பெயர்ப்பலகை மாறி எத்தனையோ காலம் ஆகிவிட்டது, ஆனால் சைனா சரக்கு இன்றைக்கும் அந்தப் பக்கம்தான் இறங்குகிறது. மண்ணடி குடோன்களிலும் பர்மா பஜார் கடைகளிலும் அட்டைப்பெட்டி முழுக்கச் சீன எழுத்து. தூக்குகிறவர், பிரிக்கிறவர், பில் போடுகிறவர் யாரும் பெரும்பாலும் அதைப் படிப்பதில்லை. மேல்நோக்கிய அம்பு, உடைந்த கிளாஸ் படம், குடை படம், இந்த மூன்றை வைத்தே பொழுது ஓடிவிடும்.

கொஞ்சமாவது படிக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் செய்வது, 'அடிக்கடி வரும் நூறு எழுத்துகள்' என்று ஒரு பட்டியலை டவுன்லோடு பண்ணுவது. இருபதாவது எழுத்துக்கு வரும்போது முதல் பத்து மறந்திருக்கும். ஒவ்வொன்றும் தனித்தனிப் படமாக மனசில் நிற்பதால் ஒன்றோடு ஒன்று ஒட்டுவதில்லை. ஒரே எழுத்தை எடுத்து அதன் அடிவரை போய்விட்டால் அது தன்னோடு இருபது முப்பது எழுத்துகளை இழுத்துக்கொண்டு வரும். அப்படி இழுக்கிற எழுத்துகளில் துறைமுகத்தை ஒட்டி வாழ்கிற நமக்கு மிகவும் தோதானது சதுரமாக இருக்கிற ஒன்று. உச்சரிப்பு ஏறக்குறைய 'கொவ்'. அகராதியில் முதல் பொருள் வாய்.

எழுத்தையே இங்கே ஒட்டியிருக்கலாம். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சீன எழுத்துரு இல்லாத பழைய செட்டிலும் பில்லிங் சாஃப்ட்வேரிலும் எந்தச் சீன எழுத்தும் வெற்றுச் சதுரமாகத்தான் தெரியும். நம் எழுத்தே வெற்றுச் சதுரம். நீங்கள் பார்ப்பது எழுத்தா, எழுத்துரு இல்லாத கோளாறா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால் எல்லாவற்றையும் வார்த்தையாலேயே வரைகிறேன். பேனாவும் கட்டம் போட்ட கணக்கு நோட்டும் பக்கத்தில் இருக்கட்டும்.

நோட்டில் நாலு கட்டத்தைச் சேர்த்து ஒரு பெரிய கட்டமாக்கிக்கொள்ளுங்கள். சீனாவில் பிள்ளைகள் எழுதிப் பழகுகிற நோட்டும் இப்படி நடுவில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டதுதான். எழுத்து அந்தப் பெரிய கட்டத்தை நிரப்பக் கூடாது. நடுவில், பாதிக்குச் சற்றே கூடுதலான இடத்தில் உட்கார வேண்டும்.

மொத்தம் 3 கோடு. முதல் கோடு இடப்பக்கம், மேலிருந்து கீழே. இரண்டாவது, முதல் கோட்டின் தலையிலிருந்து வலப்பக்கம் ஓடி, மூலையில் பேனாவை எடுக்காமல் மடங்கி, வலப்பக்கமாகவே கீழே இறங்கும். இந்த நிலையில் பார்த்தால் நம் 'ப'வைத் தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி இருக்கும். மூன்றாவது கோடு அடியில் இடமிருந்து வலமாக ஓடி மூடிவிடும்.

தமிழ்க் கை தடுமாறுவது இங்கேதான். 'ப' எழுதும்போது நாம் இடப்பக்கம் இறங்கி, அடியில் ஓடி, வலப்பக்கம் ஏறுவோம். ஒரே இழுப்பு. அந்தப் பழக்கத்தில் முதலில் 'ப' போட்டுவிட்டு மேலே ஒரு மூடி வைக்கிறார்கள். சீன எழுத்தில் நெடுக்குக் கோடு ஏறவே ஏறாது, இறங்க மட்டும்தான் செய்யும். இந்த ஒரு விதியைக் கைக்குச் சொல்லிவிட்டால் மற்றது தானாகச் சரியாகும். இரண்டாவது தப்பு, நாலு பக்கம் இருப்பதால் நாலு கோடு என்று எண்ணுவது. உச்சரிப்பு தெரியாத எழுத்தைக் கோட்டு எண்ணிக்கையை வைத்துத்தான் அகராதியில் தேட வேண்டியிருக்கும். இங்கே 3-ஐ 4 என்று எண்ணினால் இந்தச் சதுரம் உள்ளே வருகிற எழுத்தெல்லாம் தப்பான பக்கத்தில் தேடப்படும். மூன்றாவது தப்பு, ஸ்கேல் வைத்த மாதிரி சமசதுரம் போடுவது. மேல்பக்கம் சற்று அகலமாகவும் அடி சற்றுக் குறுகலாகவும் இருந்தால்தான் எழுத்து நிற்கும். இரண்டு நெடுக்குக் கோடும் இறங்க இறங்க லேசாக உள்ளே சாய வேண்டும்.

வலது அடி மூலையில் ஒரு நுட்பம். உள்ளே ஒன்றும் இல்லாத நம் சதுரத்தில் அடிக்கோடு வலப்பக்கக் கோட்டை ஒரு மயிரிழை தாண்டி நிற்கும். உள்ளே கோடு இருக்கிற எழுத்துகளில் (சூரியன், கண், வயல்) இது தலைகீழ். வலப்பக்க நெடுக்குக் கோடு அடியைத் தாண்டிக் கீழே எட்டிப் பார்க்கும். நல்ல அச்செழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும். பார்த்தபின் எழுதுகிற கை மாறும்.

உச்சரிப்புக்கு வருவோம். 'கொவ்' என்று நான் எழுதுவது ஒப்புக்குத்தான். 'கொ'வில் தொடங்கி 'உ'வில் உதடு குவிந்து முடிய வேண்டும். கடைசியில் வகரம் கடிபடக் கூடாது. பெரிய கண்டம் முதல் எழுத்தில் இருக்கிறது. நாம் 'கல்' என்று சொல்லும்போது வருகிற க-வில் காற்று வெளியே அடிப்பதில்லை. அதே க-வைப் போட்டு, மற்றதையெல்லாம் சரியாகச் சொன்னாலும், சீனக் காதில் விழுவது 'நாய்'. வாய் வேண்டுமென்றால் க-வோடு காற்று அடிக்க வேண்டும். சவுக்கார்பேட்டையில் சாப்பாட்டை 'கானா' என்கிறார்களே, அந்த அழுத்தமான க. ஒரு பஸ் டிக்கெட்டை வாய்க்கு நாலு விரற்கடை முன்னால் தொங்கவிட்டுச் சொல்லிப் பாருங்கள். டிக்கெட் அசைந்தால் வாய், அசையாவிட்டால் நாய்.

அடுத்த வழுக்கல், 'கௌ' என்று வாயை அகலத் திறப்பது. காற்றோடு 'காவ்' என்று போய்விட்டால் சோதிப்பது, வாட்டுவது என்று வேறு சொற்கள். உதடு கடைசிவரை குவிந்தே இருக்கட்டும்.

அடுத்தது தொனி. ஒரே சத்தத்தைக் குரலின் ஏற்ற இறக்கத்தால் வேறு வேறு சொல்லாக்குவது அது. நம் எழுத்துக்கு மூன்றாவது தொனி. பாடப்புத்தகத்தில் இறங்கி ஏறுகிற வளைவாகப் படம் போட்டிருப்பார்கள். அதை நம்பி ஊஞ்சல் ஆடினால் பேச்சு செயற்கையாக இருக்கும். சொல்லின் முதலில் இந்த எழுத்து வந்து பின்னால் வேறு தொனி வந்தால், குரலைத் தொண்டையின் அடிக்கு இறக்கி அப்படியே தட்டையாக விட்டுவிட வேண்டும், ஏறுவதே கிடையாது. 'கொவ்ஜாவ்' (மாஸ்க்), 'கொவ்வெய்' (ருசி, ஃப்ளேவர்) இரண்டிலும் அப்படித்தான். மூன்றாம் தொனிகள் இரண்டு அடுத்தடுத்து வந்தால் முன்னது இரண்டாம் தொனியாக ஏறிவிடும். துறைமுகத்துக்குச் சொல் 'காங்கொவ்'. இரண்டுமே மூன்றாம் தொனி என்பதால் 'காங்' கேள்வி கேட்கிற மாதிரி மேலே போகும், 'கொவ்' கீழே விழும்.

இனி பொருள். அகராதி 'வாய்' என்று சொன்னதை நம்பி டாக்டரிடம் போய் 'என் கொவ் வலிக்கிறது' என்றால் புரியும், ஆனால் யாரும் அப்படிப் பேசுவதில்லை. இன்றைய மாண்டரின் பேச்சில் முகத்தில் இருக்கிற வாய்க்கு 'ட்ஸுவெய்' என்று வேறு எழுத்து, 16 கோடு, இடப்பக்கம் நம் சதுரமே ஒட்டிக்கொண்டிருக்கும். கொவ் தனியாக நின்று உடலுறுப்பைக் குறிப்பது அபூர்வம். கூட்டுச்சொல்லில்தான் அதன் வாழ்க்கை. ஆஸ்பத்திரியில் பல், வாய் சிகிச்சைப் பிரிவுக்கு 'கொவ்ச்சியாங்' என்று போட்டிருப்பார்கள். ஈவினிங் பஜார் பக்கம் தலைமுறையாகப் பல் வைத்தியம் பார்த்த சீன வம்சாவளிக் குடும்பங்களின் தொழிலுக்குரிய சொல் அதுதான். உதட்டுச்சாயம், சூயிங் கம், மவுத் ஆர்கன், வாய்மொழித் தேர்வு எல்லாமே கொவ்வில்தான் தொடங்கும்.

ஆனால் பெட்டியில் அதைப் பார்க்கிற நமக்குத் தேவையான பொருள் வாய் இல்லை, திறப்பு. எதன் வழியாக ஒன்று உள்ளே போகிறதோ வெளியே வருகிறதோ அந்த இடம். தமிழர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பானைக்கு வாய் உண்டு, சாக்குக்கு வாய் உண்டு, வீட்டுக்கு வாயில் உண்டு. ஆங்கிலம் வழியாகச் சீனம் கற்கிறவர்கள் 'மவுத்' என்பதைப் பிடித்துக்கொண்டு தவிக்கிற இடத்தை நாம் ஒரே எட்டில் தாண்டலாம்.

சார்ஜர் பெட்டியில் பாருங்கள். ஒரே வடிவம் பக்கத்தில் பக்கத்தில் இருமுறை வந்து, அடுத்து நம் சதுரம் இருந்தால் அது 'ஷுவாங்கொவ்', இரண்டு போர்ட் உள்ளது. யு.எஸ்.பி. என்று ஆங்கிலத்தில் போட்டு அடுத்துச் சதுரத்தில் முடிகிற சொல் வந்தால் பெரும்பாலும் 'ஜியேகொவ்', கனெக்டர் செருகுகிற இடம். ரூட்டரில் கேபிள் மாட்டுகிற ஓட்டை 'வாங்கொவ்'. எம்.சி. ரோடு ஜவுளிக்காரர்களுக்கு வருகிற அளவுப் பட்டியலில் 'லிங்கொவ்' கழுத்து, 'ஷியோகொவ்' கைமுனை. வாட்டர் பியூரிஃபையர் பம்பில் 'ஜின்ஷுவெய்கொவ்' தண்ணீர் உள்ளே வருகிற முனை, 'ச்சூஷுவெய்கொவ்' வெளியே போகிற முனை. இந்த இரண்டுக்கும் முதல் எழுத்து மட்டும்தான் வித்தியாசம். நடு எழுத்தும் கடைசிச் சதுரமும் ஒன்றே. சதுரத்தைக் கண்டதும் திருப்தியாகிக் குழாயை மாட்டினால் தண்ணீர் போக வேண்டிய பக்கம் போகாது. முதல் எழுத்தைப் பார்க்காமல் மாட்டாதீர்கள்.

அந்த முதல் எழுத்துகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் ஏரியாவின் பிழைப்பே அதில்தான் இருக்கிறது. 'ச்சூ', வெளியே. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு 'ப' வையுங்கள். மேல் 'ப'வுக்குச் சற்று மேலிருந்து அடிவரை நடுவே ஒரே நெடுக்குக் கோடு இறக்குங்கள். அவ்வளவுதான், 5 கோடு. 'ஜின்', உள்ளே வருதல். ஃபோன் டயலில் இருக்கிற ஹேஷ் குறி மாதிரி இரண்டு குறுக்கு, இரண்டு நெடுக்கு. அதன் இடப்பக்கமாக வளைந்து இறங்கி அடியில் வலப்பக்கம் நீண்டு ஓடுகிற ஒரு வால். அந்த வால் 'நடை'யைக் குறிப்பது, போக்குவரத்துச் சொற்கள் பலவற்றில் வரும்.

ஜின்னோடு கொவ் சேர்ந்தால் 'ஜின்கொவ்', இறக்குமதி. ச்சூவோடு சேர்ந்தால் 'ச்சூகொவ்', ஏற்றுமதி. மூன்றும் சேர்ந்து 'ஜின்ச்சூகொவ்' என்றால் ஏற்றுமதி இறக்குமதி. தம்பு செட்டித் தெரு கிளியரிங் ஆபீஸ்களில் இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்டும் புரட்டுகிறவர்கள் கண்ணில் இது தினமும் படுகிறது. நடுவில் ஐந்து முனை நட்சத்திரம் வைத்த வட்டச் சிவப்பு சீல் இருக்கிறதே, அதன் விளிம்பில் வளைந்து ஓடுகிற எழுத்துகளில் ஹேஷ், இரட்டை 'ப', சதுரம் என்ற வரிசையைத் தேடுங்கள். கிடைத்தால் அனுப்பியவர் தன் பெயரிலேயே ஏற்றுமதி இறக்குமதி கம்பெனி என்று சொல்லிக்கொள்கிறவர். கிடைக்காவிட்டால் தொழிற்சாலையாக இருக்கலாம், வேறு வகை வியாபாரியாகவும் இருக்கலாம். சீலை மட்டும் வைத்து அதற்கு மேல் முடிவு கட்ட வேண்டாம்.

கப்பல் சரக்குக்குத் தருகிற பி.எல். (பில் ஆஃப் லேடிங்) ரசீதில் சரக்கு ஏறிய துறைமுகமாக 'ஷெகொவ்' என்று அடிக்கடி வரும். ஷென்ஜென் நகரத்தில் இருக்கிற கன்டெய்னர் துறைமுகம் அது. 1979-இல் தொழிற்பேட்டையாகத் தொடங்கிய இடம். பெயரின் பொருள் பாம்பின் வாய். இந்த வாயும் நம் சதுரமேதான். லியாவ்னிங் மாகாணத்துத் துறைமுகம் யிங்கொவ், ஹைனான் தீவின் தலைநகர் ஹைகொவ், ஹான் ஆறு யாங்ட்ஸியில் கலக்கிற இடத்தில் இருக்கிற ஹான்கொவ் (இப்போது வூஹானின் பகுதி) எல்லாவற்றிலும் கடைசி எழுத்து இதுவே. ஆறு கடலிலோ பெரிய ஆற்றிலோ போய்ச் சேர்கிற திறப்பு. கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கிற எண்ணூர் முகத்துவாரத்தைச் சீனத்தில் சொல்வதானால் 'ஹகொவ்' என்ற பொதுச்சொல் வரும். ஊர்ப்பெயரில் ஆறே இல்லாவிட்டாலும் மலை இடைவெளி, கோட்டைச் சுவரின் வாயில் போன்றவையும் கொவ்தான். 2022 குளிர்கால ஒலிம்பிக் பனிச்சறுக்கு நடந்த ஜாங்ஜியாகொவ் அப்படி ஒரு ஊர்.

ச்சூகொவ் என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு: வெளியேறும் வழி. கட்டடத்தில் மாட்டியிருந்தால் எக்ஸிட், காகிதத்தில் இருந்தால் ஏற்றுமதி. இடத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். நுழைவாயிலுக்கு மட்டும் 'ரூகொவ்' என்று வேறு முதல் எழுத்து வரும். 'ரூ' இரண்டே கோடு, கூடாரம் மாதிரி. இதே கூடார வடிவில் 'ரென்' (மனிதன்) என்று இன்னொரு எழுத்து இருக்கிறது. 'ரென்கொவ்' என்றால் மக்கள்தொகை. ரென்னில் இடக்கால்தான் உச்சியிலிருந்து தொடங்கும், வலக்கால் அதன்மேல் சாய்ந்து நிற்கும். ரூவில் வலக்கால் உச்சியைத் தாண்டி இடப்பக்கம் எட்டிப் பார்க்கும். களிமண், பொம்மை, சோப்பு உறைகளில் எச்சரிக்கை வரியின் கடைசியில் ரூகொவ் வந்தால் அது வாசல் பற்றியது இல்லை, 'வாயில் போடாதே' என்று சொல்கிறது.

அடாப்டரில் இன்புட், அவுட்புட் என்று ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் இரண்டிரண்டு எழுத்து இருக்கும். சதுரம் வராது, ஆனால் கடைசி எழுத்து முறையே ரூவும் ச்சூவும். ஏற்கெனவே தெரிந்த முகங்கள்.

எண்ணிக்கைக்கும் கொவ் வரும். 'உங்கள் வீட்டில் எத்தனை பேர்?' என்பதைச் சீனத்தில் 'நீ ஜியா யோவ் ஜி கொவ் ரென்' என்று கேட்பார்கள், தொடக்கப் பாடங்களிலேயே வரும் கேள்வி. நேர்ப்பொருள் 'எத்தனை வாய்'. ஒரே அடுப்பில் சாப்பிடுகிற வாய்களை எண்ணுவது. பதில் சொல்லும்போது உங்களையும் சேர்த்து எண்ண வேண்டும். அப்பா, அம்மா, தங்கை என்று 3 சொல்லிவிட்டு நிறுத்துவது வழக்கமான தப்பு, 4 என்பதே சரி. இந்தக் கணக்கு குடும்பத்துக்கும் கிராமத்துக்கும்தான். குடோனில் எட்டு லோடுமேன் நின்றால் 'எட்டு கொவ்' இல்லை, அதற்கு 'க' என்ற பொது அளவுச்சொல் போட வேண்டும். இரண்டு கொவ், 'லியாங்கொவ்ட்ஸ', என்றால் புருஷன் பெண்டாட்டி ஜோடி. நம்மிடம் ரேஷன் கார்டில் தலை எண்ணுகிற மாதிரி அங்கே குடும்பப் பதிவுக்கு 'ஹூகொவ்' என்று பெயர், 1958-இல் சட்டமாக வந்தது. தலைக்கு இவ்வளவு என்று அளக்கிற தானியம் 'கொவ்லியாங்'.

எண்ணிப் பழகும்போது தொனியையும் சேர்த்துப் பழகுங்கள். 5 (ஊ), 9 (ஜியோவ்), 'எத்தனை' (ஜி), 'இரண்டு' (லியாங்) நான்கும் மூன்றாம் தொனி, கொவ்வுக்கு முன் ஏறிவிடும். 1 (யி) தனியாக முதல் தொனி, கொவ்வுக்கு முன் நான்காம் தொனியாக விழும். மற்ற எண்கள் அப்படியே இருக்கும். 1 முதல் 10 வரை கொவ் ரென் சேர்த்துச் சொல்லிப் பார்ப்பதுதான் இந்த எழுத்துக்கு நல்ல வாய்ப்பயிற்சி. ஒரு மடக்குத் தண்ணீர், ஒரு வாய்ச் சோறு, ஒரு கிணறு, ஒரு வாணலி, ஒரு சவப்பெட்டி இவையும் கொவ்வில் எண்ணப்படும். திறந்த வாய் உள்ள பொருள்கள் என்று நினைவில் வைக்கலாம், பன்றியும் கத்தியும் அந்தக் கணக்கில் அடங்காமல் நின்றாலும்.

மற்ற எழுத்துகளுக்குள் சதுரம் எங்கே உட்கார்கிறது என்பதைப் படித்தவர்களும் சரியாகக் கவனிப்பதில்லை. இடப்பக்கம் வந்தால் சிறியதாகி, நடுக்கோட்டுக்குச் சற்று மேலே ஏறிவிடும். வலப்பக்கம் வந்தால் சற்றுக் கீழே இறங்கும். இடப்பக்கச் சதுரம் மூன்று வேலை செய்கிறது. ஒன்று, வாயால் செய்கிற காரியம்: தின்பது, குடிப்பது, கூப்பிடுவது. இரண்டு, வாக்கியத்தின் கடைசியில் வருகிற ஓசைச்சொல்: கேள்வி 'மா', 'சரி போகலாமே' என்கிற தொனிக்கு 'பா'. மூன்றாவதுதான் சுவாரஸ்யம். வெளிநாட்டுச் சொல்லைச் சத்தத்துக்காக மட்டும் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு சதுரத்தை ஒட்டி, 'இதன் பொருளைப் பார்க்காதே, ஒலியை மட்டும் எடு' என்று அடையாளம் வைப்பார்கள். காஃபி 'காஃபெய்' ஆனது இப்படி, இரண்டு எழுத்திலும் இடப்பக்கம் சதுரம். 'கறி' ஆங்கிலத்தில் கர்ரி ஆகி உலகம் சுற்றிச் சீனத்தில் 'காலி' என்று போய்ச் சேர்ந்ததும் அதே வழியில், அதிலும் இரண்டு எழுத்திலும் சதுரம். காஃபியிலும் கறியிலும் முதல் எழுத்து ஒன்றேதான், காஃபியில் காற்றோடு க, கறியில் காற்றில்லாத க. நூடுல்ஸ் பாக்கெட்டில் கறி எழுத்துகளுக்குப் பின்னால் 'கொவ்வெய்' இருந்தால் கறி ஃப்ளேவர். கிரேன் கொக்கியில் எண்ணுக்குப் பின்னால் தனியாக நிற்கிற 'துன்' எழுத்தும் இந்த வகை. டன் என்பதன் ஒலிபெயர்ப்பு, இடப்பக்கம் சதுரம், மொத்தம் 7 கோடு.

பெட்டியைப் பிரித்தால் பெரும்பாலும் உள்ளே ஒரு சின்னச் சீட்டு விழும். இரண்டு விரல் அகலம், தரம் பார்த்தவரின் எண்ணோடு ஒரு ரப்பர் ஸ்டாம்ப். குப்பையில் போடுகிற அந்தச் சீட்டில் பெரிதாக மூன்று எழுத்து. முதல் எழுத்து: மேலே கூடாரம், அடியில் சின்னக் குறுக்குக் கோடு, அதன் அடியில் நம் சதுரம். இரண்டாவது எழுத்து: இடப்பக்கம் மரம், வலப்பக்கத்தின் அடியில் மறுபடி சதுரம். இரண்டும் சேர்ந்து 'தரத்தில் தேறியது'. மூன்றாவது எழுத்து 'சான்று'. இந்தச் சீட்டு இருப்பதால் பொருள் நல்லது என்று அர்த்தமில்லை, சீட்டு அச்சடிப்பது சுலபம். படிக்கப் பழகுவதற்கு இதைவிட நல்ல இலவசக் காகிதம் கிடையாது.

சதுரம் மேலே ஒன்று, கீழே இரண்டு என்று மூன்றாக அடுக்கியிருந்தால் 'பின்', 9 கோடு. சரக்கு, பொருள். பொருளின் பெயர், சாம்பிள், உணவுப்பொருள், உடையும் பொருள் என்று அட்டைப்பெட்டியில் திரும்பத் திரும்ப வருகிற எழுத்து. மேலே இரண்டு, கீழே இரண்டு, நடுவில் ஒரு நாய் படுத்திருந்தால் 'ச்சி', கருவி, 16 கோடு. சார்ஜர் என்ற சொல்லின் கடைசி எழுத்து அதுதான். நாய் என்றது விளையாட்டுக்கு இல்லை. நடுவில் இருக்கிற 4 கோட்டு எழுத்து, நாயைக் குறிக்கும் பழைய எழுத்தேதான்.

போலிச் சதுரங்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கட்டம் முழுவதும் நிரப்பி, உள்ளே வேறு எழுத்தை அடைத்துக்கொண்டு நிற்கிற பெரிய சதுரம் வாய் இல்லை, அது 'வெய்' என்கிற வேலி. 'நாடு' என்ற எழுத்து அப்படி. 1716-இல் முடிந்த காங்ஷி என்ற சீன அகராதி, எழுத்துகளை அவற்றின் உறுப்பை வைத்து 214 தலைப்பாகப் பிரிக்கிறது. அந்த வரிசையில் வாய் 30-ஆவது, வேலி 31-ஆவது. வேலியை எழுதும்போது இடக்கோடு, மடங்கு கோடு, அப்புறம் உள்ளே இருப்பதை முழுதாக எழுதி, கடைசியில்தான் அடிக்கோட்டால் மூட வேண்டும். முதலிலேயே மூடிவிட்டு உள்ளே எழுதுகிறவர்களின் எழுத்து எப்போதும் நெரிசலாக இருக்கும். 4 என்ற எண் சதுரத்துக்குள் இரண்டு கால் தொங்குகிற மாதிரி இருக்கும், அதுவும் வாய் இல்லை. தேதியில் வருகிற 'நாள்' எழுத்து, உள்ளே ஒரு குறுக்குக்கோடு உள்ள உயரமான செவ்வகம். இங்க்ஜெட்டில் அடித்த தேதியில் அந்த நடுக்கோடு மங்கிப்போனால் அசல் நம் சதுரமாகவே தெரியும். அகலத்தைவிட உயரம் அதிகமாக இருந்து, முன்னால் எண் இருந்தால் தேதி என்று வைத்துக்கொள்ளலாம்.

கேமரா வைத்து மொழிபெயர்க்கிற ஆப்புகளும் இதில் ஏமாறும். வாரன்டி கார்டில் டிக் அடிக்கிற காலிக் கட்டம் இருக்கும், பக்கத்தில் 'ஆம்', 'இல்லை'. ஆப் அந்தக் கட்டத்தை எழுத்தாக எடுத்துக்கொண்டு 'வாய் ஆம், வாய் இல்லை' என்று திருப்பித் தரும். மொழிபெயர்ப்பில் சம்பந்தமில்லாமல் வாய் வந்தால் முதலில் மூலக் காகிதத்தில் டிக் கட்டத்தைத் தேடுங்கள்.

பேச்சில் இரண்டு சொற்றொடர் மட்டும் தெரிந்தால் போதும். 'யி கொவ் ஜியா', ஒரே வாய் விலை, அதாவது பேரம் கிடையாது. சீன ஆன்லைன் கடைகளில் சர்வசாதாரணம், பர்மா பஜாரில் செல்லாது. இன்னொன்று 'பிங் த்ஸோங் கொவ் ரூ, ஹுவோ த்ஸோங் கொவ் ச்சூ'. நோய் வாய் வழியே உள்ளே போகும், வினை வாய் வழியே வெளியே வரும். தவளையும் தன் வாயால்தானே கெடுகிறது. இதுவரை பார்த்த ரூவும் ச்சூவும் கொவ்வும் ஒரே வரியில் வருவதால் எழுதிப் பழக இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபோனில் பின்யின் (சீன உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் எழுதும் முறை) கீபோர்டு போட்டு கே, ஓ, யூ என்று அடித்தால் வரிசையில் சதுரம் வரும். கோட்டு வகையால் அடிக்கிற கீபோர்டில் குறுக்கு 1, நெடுக்கு 2, இடச்சாய்வு 3, புள்ளி 4, மடக்கு 5. நம் எழுத்துக்கு 2-5-1. எழுதும் வரிசை சரியாகத் தெரியாதவர்கள் சிக்குவது இங்கே. 'ப' போட்டு மூடி வைத்த கைக்கு இந்த எண் வரவே வராது.

கடைசியாக, மார்க்கர் எழுத்து. சீனாவில் பெட்டியின்மேல் அவசரத்தில் கிறுக்குகிறவர்கள் சதுரத்தைச் சதுரமாகப் போட மாட்டார்கள். இடப்பக்கம் ஒரு குச்சி, அதன் தலையிலிருந்தே தொடங்கி 2 மாதிரி ஒரு வளைவு. இரண்டாம் கோட்டையும் மூன்றாம் கோட்டையும் பேனா எடுக்காமல் சேர்த்துவிடுவதால் வருகிற உருவம். பார்த்தவுடன் 12 என்று படிக்கத் தோன்றும், ஸ்டாக் எண்ணிக்கையில் 12 என்று ஏறியும்விடும். உண்மையான 12 என்றால் 1-க்கும் 2-க்கும் நடுவில் இடைவெளி இருக்கும், பின்னாலேயே பெட்டி அல்லது உருப்படி என்ற அளவெழுத்து வர வாய்ப்பு அதிகம். வளைவு குச்சியின் தலையில் ஒட்டியிருந்து, முன்னால் இரட்டை 'ப' இருந்தால் அது எண் இல்லை, ஏற்றுமதிச் சரக்கு என்று எழுதியிருக்கிறார்கள்.